இரவல் வளையம்

வவ்வாலின் மூளை ஊறவைத்த அவரை விதை அளவுதான் இருக்கும். அதை உறையவைத்து, தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு, ஓரம் கிழியாமல், சுருளாமல் சீவித் தருவதற்கு அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு கைதான் இருந்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரியை எல்லாரும் கத்தரி என்றே கூப்பிட்டார்கள்.

பட்டப்பெயர் ஆய்வகத்தில் வைத்ததில்லை; வீட்டிலிருந்து கூடவே வந்தது. அப்பாவின் துணிக்கடையில் பத்து வயதில் கத்தரி பிடித்தவள் அவள். அளவுகோல் இல்லாமலே நூல் பிடித்த மாதிரி வெட்டுவாள். நாக்கும் அதே பதம். பாதி விலைக்குக் கேட்டு வந்தவர்கள் அவளிடம் முழு விலையைக் கொடுத்துவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போவார்கள். பிறகு கடையை அண்ணன் எடுத்துக்கொண்டான். அந்த அண்ணன் கட்டிக்கொண்டு வந்ததோ துணிக்கும் வியாபாரத்துக்கும் ஏழாம் பொருத்தமான ஒருத்தியை. வவ்வாலின் மூளையை ஆராய்கிறவளாம்!

"வேற பிராணியே கிடைக்கலையா?" என்று கேட்டுவிட்டு, புது அண்ணியை எடை போட ஒருநாள் கத்தரி ஆய்வகத்துக்குப் போனாள். அண்ணி ஒரு சீவலைத் தூரிகையால் எடுக்கப் போய்க் கிழித்துக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"தள்ளுங்க அண்ணி, பார்க்கச் சகிக்கல" என்று கத்தரி தூரிகையை வாங்கினாள். அது எட்டு வருடத்துக்கு முந்திய கதை. வாங்கிய தூரிகையை அவள் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அண்ணி தேடுவது கொழுப்பை. நரம்புச் செல் ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய உறைக்குள் இருக்கிறது. உறையில் பெரும்பங்கு கொழுப்பு. அதில் சில கொழுப்புகள் மட்டும் தலையில் சர்க்கரையால் ஒரு குஞ்சம் சூடிக்கொண்டு, சால்வை ஓரத்துக் குஞ்சம் மாதிரி அதை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் குஞ்சக் கொழுப்பு வவ்வால் மூளையில் எங்கே நெருக்கம், எங்கே கலைவு என்பதே அண்ணியின் எட்டு வருடக் கேள்வி. இருட்டில் பறந்து, தன் கத்தலின் எதிரொலியைக் கேட்டே பூச்சியைப் பிடிக்கிற பிராணி அது. காதுக்கென்று அதன் மூளையில் ஒரு மேடு உண்டு. சின்ன வீட்டில் பெரிய கூடம் கட்டிவைத்த மாதிரி, மற்றதோடு சேராத அளவு பெரிய மேடு.

"இவ்வளவு பெரிய கூடத்துல என்ன விரிச்சு வச்சிருக்குன்னு பார்க்க வேண்டாமா?" என்பாள் அண்ணி. வவ்வால்களை அவள் கொல்வதில்லை. காட்டுயிர் மருத்துவமனையில் பிழைக்காமல் போனவை பனிக்கட்டிப் பெட்டியில் வந்து சேரும். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு நொடி பேசாமல் நிற்பாள். கத்தரிக்கு அண்ணியைப் பிடித்துப்போனதே அந்த ஒரு நொடியால்தான்.

அந்தக் கேள்விக்குப் பத்து வருடத்துக்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது என்று நம்பியவர் ஒருவர் இருந்தார். துறைத் தலைவர்; எல்லாருக்கும் சார். கேட்கும் மேட்டைச் சுற்றி அந்தக் கொழுப்பு ஒரு வளையமாகக் கட்டியிருக்கிறது என்று முதலில் கண்டு சொன்னவர் அவரே. கறுப்புப் பின்னணியில் பச்சையாக ஒளிரும் அந்த வளையத்தின் படம், கண்ணாடிச் சட்டம் போட்டு நடைவழியில் தொங்கியது. புதிதாக வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

திங்கட்கிழமை சார் அவர்கள் அறைக்கு வந்து நுண்ணோக்கியில் குனிந்தார். நிமிர்ந்தார்.

"எங்கம்மா வளையம்?"

"இல்ல சார்" என்றாள் அண்ணி.

"இல்லையா, வரலையா?"

"நாற்பது சீவல் பார்த்தாச்சு சார். இல்ல."

"பன்னெண்டு ஆய்வகத்துல வந்திருக்கு. உங்க அறைக்கு மட்டும் வர மாட்டேங்குதுன்னா என்ன அர்த்தம்?" சாரின் பார்வை வெட்டுப்பொறியைத் தொட்டு, அதன் பக்கத்தில் நின்றவளைத் தொட்டது. "வெட்டுற கை சரியில்லைன்னு அர்த்தம். ஓரம் நைஞ்சு போனா வளையம் எதுல நிக்கும்?"

கத்தரிக்குச் சுருக்கென்றது. சரக்கு மட்டம் என்று எவனாவது சொன்னால் வாதாடாதே, வெளிச்சத்தில் விரித்துக் காட்டு என்பது கடைப்பாடம். கண்ணாடித் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினாள். "ஓரத்தைப் பாருங்க சார். எங்கயாவது நைஞ்சிருந்தா இன்னிக்கே கத்தியைக் கீழ வச்சிடறேன்."

சார் பார்க்கவில்லை. அண்ணியிடம் திரும்பினார். "கழுவுற தண்ணியில டிடர்ஜென்ட் போட்டீங்களா?"

"இல்ல சார். தேடறதே கொழுப்பு. சோப்பு போட்டா கொழுப்பு நிக்குமா?"

"ஒரு சொட்டும்மா! ஒரே ஒரு சொட்டு. ஊரே போடுது. கதவைத் திறக்காம விருந்தாளி எப்படி உள்ள வருவான்? ஆன்டிபாடி திசுக்குள்ள போகணும்ல?"

ஆன்டிபாடி என்பது தேடிப் போய் ஒட்டுகிற மூலக்கூறு. பச்சையாக ஒளிர்கிற சாயத்தை முதுகில் சுமந்துகொண்டு போய், தனக்கென்று சொன்ன குஞ்சத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும்.

"குஞ்சம் வெளியதானே சார் தொங்குது? வாசல்ல நிக்கிற ஆளைப் பார்க்க யாராவது கதவை உடைப்பாங்களா?" என்றாள் அண்ணி.

சார் சிரித்துவிட்டார். "வாய்க்கு மட்டும் உங்க குடும்பத்துல பஞ்சமே இல்ல." அதோடு சிரிப்பு நின்றது. "வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் குழு உட்காருது. என் கையெழுத்து இல்லாம உங்க அறிக்கை உள்ள போகாது. ஊருக்கெல்லாம் தெரியற வளையம் உங்களுக்குத் தெரியலைன்னா, நான் எதை நம்பிக் கையெழுத்துப் போடறது? ஒரு தடவை சொட்டு போட்டுப் பாருங்க."

குழு முடிவு செய்ய வேண்டியது இரண்டாம் மாடி அறையை. வடக்கு ஜன்னல் வைத்த காலி அறை. அது கிடைத்தால் அண்ணிக்கு வேலை நிரந்தரம், வவ்வால்களுக்கும் ஒரு நிரந்தர முகவரி. கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் இருவரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அண்ணன் கடையில் துணி மடிக்க ஆள் தேவைதான். ஆனால் அண்ணியின் மடிப்பைப் பார்த்தால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார்.

சோப்புக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. பக்கத்து அறையில் எதற்கும் ஒரு சொட்டு விடுகிற உதவியாளர் ஒருவர் இருந்தார். பெயரே சொட்டுக்காரர். "அப்பவே சொன்னேன், கேட்டீங்களா?" என்று பாட்டிலை நீட்டினார்.

"உங்க காபியிலயும் விடுவீங்களாமே" என்று கத்தரி வாங்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை சீவல்கள் சோப்பு நீரில் இறங்கின. ஒவ்வொரு முறையும் கூடவே ஒரு வெற்றுச் சீவலையும் போடுவது வழக்கம். அது ஓர் எலியின் மூளைச் சீவல். பிறவியிலேயே அந்தக் குஞ்சக் கொழுப்பைச் செய்யத் தெரியாத எலி. அதில் பச்சை எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டுகிறது, நம்பாதே என்று பொருள். வெற்றுச் சீவலுக்குத் தனித் தட்டு, தனி ஆன்டிபாடி. இதுதான் முறை.

ஆனால் புட்டியின் அடியில் ஆன்டிபாடி கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. ஒன்றும் தெரியப்போகாத எலிக்கு ஒரு தனித் தட்டா? அரை மீட்டர் துணிக்கு யாராவது புதுச் சாயத்தொட்டி வைப்பார்களா? கடைக்காரியின் ரத்தம் கணக்குப் போட்டது. எலிச் சீவலையும் வவ்வால் சீவலோடு ஒரே தட்டில் இறக்கி, மூடி, குளிர் அறையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். வேறு எந்த ஆய்வக உதவியாளரும் செய்யாத தப்பு. செய்யத் தோன்றாத தப்பு.

புதன்கிழமை வளையம் வந்தது.

எப்படி வந்தது! கேட்கும் மேட்டைச் சுற்றிப் பச்சைக் கம்பியை வளைத்துப் பற்றவைத்த மாதிரி, முனை தெரியாமல், பிசிறு இல்லாமல். நடைவழிப் படமே இதன் முன் நகல்போல இருந்தது. சார் வந்து பார்த்தார். இரண்டாவது முறை பார்த்தார். "கை நல்ல கைதான்" என்று கத்தரியைப் பார்த்துச் சொன்னார். "இந்தப் படத்தை முதல் பக்கத்துல போடுங்க. பேனாவை இப்பவே திறந்து வச்சிடறேன்." சொட்டுக்காரர் வாசலில் நின்று பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். அண்ணி மட்டும் திரையில் வளையத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம்தான், ஆனால் தெரிந்த கடையில் தெரியாத துணியைத் தடவிப் பார்க்கிற முகம்.

எல்லாரும் போனபின், கடனே என்று எலிச் சீவலை நுண்ணோக்கியில் வைத்தாள் கத்தரி. இருட்டாக இருக்க வேண்டியது.

எலியின் மூளையிலும் வளையம்.

தகடு மாறிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தாள். எட்டு வருடமாகச் சீவுகிற கைக்கு எலி எது, வவ்வால் எது என்று உருவத்திலேயே தெரியும். எலிதான். மேடு சின்னது, அதைச் சுற்றி வளையமும் சின்னது. ஆனால் பச்சை, அப்பட்டமான பச்சை. அந்தக் கொழுப்பைச் செய்யவே தெரியாத எலிக்கு வளையம் போட்டது யார்?

சிவப்புத் துணியோடு வெள்ளைத் துணியை ஊறப்போட்டால் வெள்ளை சிவக்கும். கடையில் வளர்ந்த யாரும் இதைப் பள்ளிக்குப் போய்ப் படிப்பதில்லை. சோப்பு வவ்வாலின் கொழுப்பைக் கழற்றித் தண்ணீரில் விட்டிருக்கிறது. கழன்றது ஒட்டுகிற இடம் பார்த்துப் போய் ஒட்டியிருக்கிறது. மேட்டைச் சுற்றி வெள்ளை நரம்பு இழைகள் ஓடுகிற இடம் எல்லா மூளையிலும் உண்டு. எலிக்கும் உண்டு. எலி போட்டுக்கொண்டிருப்பது இரவல் நகை. அப்படியானால் வவ்வாலின் வளையம்?

தகட்டைக் குப்பைப் பெட்டியில் போட்டால் தீர்ந்தது. எலியைப் பார்த்தவர் யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை கையெழுத்து, வடக்கு ஜன்னல், "கை நல்ல கை." சொன்னால்? அவள் தகட்டைத் துடைத்து, பெட்டியில் பத்திரமாகச் செருகினாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. கத்தரிக்கு வாய் அடைத்துப்போனது அதுவே முதல் தடவை.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் அண்ணியின் கணினி, மறுபக்கம் அண்ணனின் துணி மாதிரிகள். திரையில் வளையம் மின்னியது.

"இதை ஓரத்துல வரிசையா அச்சுப் போட்டா நல்லா ஓடும்டி" என்றான் அண்ணன்.

"ஓடாது" என்றாள் கத்தரி. "சாயம் போகும்."

அண்ணி தட்டச்சை நிறுத்தினாள். "என்ன சொன்ன?"

வாய்தவறிச் சொல்லியாகிவிட்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். புட்டி, தட்டு, எலி. சொல்லிவிட்டு, "தட்டை மிச்சம் பிடிக்கப் போய் உங்க அறையை இழந்துட்டேன் அண்ணி. திட்டுறதுன்னா இப்பவே திட்டிடுங்க" என்றாள்.

அண்ணி திட்டவில்லை. கண்ணை மூடி ஒரு நொடி இருந்தாள். வவ்வால் பெட்டியைத் திறக்கும்போது நிற்பாளே, அதே நொடி. திறந்தபோது முகத்தில் இருந்த வெளிச்சத்தைக் கத்தரி அவள் கல்யாணத்தன்று கூடப் பார்த்ததில்லை.

"ஒரே தட்டுல போட்டியா! யாருமே போட்டதில்லடி! பன்னெண்டு ஆய்வகத்துலயும் ஒழுங்கானவங்க. தனித் தனித் தட்டு. அதனாலதான் பத்து வருஷமா ஒருத்தருக்கும் தெரியல!"

"அறை?"

"அறை என்ன அறை? இல்லாத வளையத்தைக் காட்டி வாங்கின அறைக்குள்ள தினம் காலையில எப்படிடி நுழையறது?" என்று வளையப் படத்தை அறிக்கையிலிருந்து நீக்கினாள். விரல் தயங்கவில்லை. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிகிறவள் இல்லை இவள் என்று கத்தரி அப்போது கண்டுகொண்டாள். அண்ணன் எதுவும் புரியாமல், "அப்ப நான் இதை அச்சுப் போடலாமா, கூடாதா?" என்றான்.

வியாழக்கிழமை காலை இருவரும் சாரின் அறைக்குப் போனார்கள். அண்ணி சுற்றி வளைக்காமல் சொன்னாள். எலித் தகட்டை மேசையில் வைத்தாள். சாரின் முகம் பூட்டின கடை மாதிரி ஆகிவிட்டது. பிறகு கத்தரியிடம் கேட்டார்.

"ஒரே தட்டுலயா போட்டீங்க? யாராவது அப்படிச் செய்வாங்களா?"

"கடைக்காரி செய்வா சார்."

"அது தப்பு தெரியுமா?"

"தப்புதான் சார். நான் செஞ்சது தப்பு. எலி செஞ்சது தப்பில்ல."

சார் எழுந்தார். தகட்டைத் தள்ளிவிட்டுப் போகப்போகிறார் என்று நினைத்தாள் கத்தரி. அவரோ கொக்கியில் வருடக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்த வெள்ளை அங்கியை எடுத்து உதறினார். "அஞ்சு தட்டு வைக்கணும்" என்றார். "வவ்வால் தனியா, சோப்பு இல்லாம. வவ்வால் தனியா, சோப்போட. எலி தனியா, சோப்போட. ரெண்டும் சேர்ந்து சோப்போட. ரெண்டும் சேர்ந்து சோப்பு இல்லாம. ஆன்டிபாடி என்கிட்ட புதுப் புட்டி இருக்கு. நானே என் கையால வைக்கிறேன். நீங்க வெட்டிக் குடுங்க."

வெட்டுப்பொறி ஒரு சின்ன உறைபெட்டி. உள்ளே கத்தி, உறைந்த மூளை, உறைநிலைக்குக் கீழே இருபது டிகிரி குளிர். கத்தரி கைப்பிடியைச் சுற்றினாள். சீவல் கத்தியின் விளிம்பில் பிறந்து சுருளப் பார்த்தது. தூரிகையின் ஒற்றை முடியால் அதன் காதைப் பிடித்து நிறுத்தினாள். இழுக்கவில்லை, தள்ளவில்லை, தூங்குகிற குழந்தையின் கைக்கு அடியிலிருந்து தலையணையை எடுக்கிற பதம். கண்ணாடித் தகட்டைக் காட்டியதும் சீவல் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. சார் மூச்சு விடாமல் பார்த்தார். பத்து வருடமாக அவர் மேசைக்குச் சீவல்கள் தகட்டில்தான் வந்தன. பிறப்பதை அவர் பார்த்ததில்லை.

"இப்படியா செய்யறீங்க?"

"திங்கட்கிழமையும் இப்படித்தான் சார் செஞ்சேன்."

சார் ஐந்து தட்டையும் ஒரு துளி சிந்தாமல் வைத்து, ஒவ்வொன்றிலும் தன் கையெழுத்தில் எண் போட்டார். எதிரியின் சரக்கை எடை போடுகிறவர்கூட இவ்வளவு நேர்மையாகத் தராசைப் பிடிக்க மாட்டார். அவர் எடை போட்டதோ தன் பேரை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று பேரும் நுண்ணோக்கி அறையில், விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். சோப்பில் தனியாகக் குளித்த எலி: இருட்டு. சோப்பு இல்லாமல் வவ்வாலோடு குளித்த எலி: இருட்டு. சோப்பில் வவ்வாலோடு குளித்த எலி: வளையம். சோப்பில் குளித்த வவ்வால்: வளையம். இனி மென்று விழுங்க ஒன்றுமில்லை.

"பத்து வருஷம்" என்றார் சார் இருட்டில். "பத்து வருஷமா சோப்புத் தண்ணியைப் பார்த்துட்டு வவ்வால்னு சொல்லியிருக்கேன்."

கடைசித் தட்டு மிச்சமிருந்தது. சோப்பு காணாத வவ்வால். திங்கட்கிழமை அவர் தள்ளிவைத்த அதே வகைச் சீவல். வைத்துப் பார்த்தார். திருகைச் சுற்றினார். மறுபடி சுற்றினார்.

"ஏம்மா, மேட்டுக்கு உள்ள என்ன இது? கோடு கோடா?"

"ஆமா சார்" என்றாள் அண்ணி. "மேட்டைச் சுற்றி எதுவும் இல்ல. உள்ளதான். மெல்லிசா, அடுக்கடுக்கா. நாற்பது சீவல்லயும் இருக்கு. எதுக்குன்னு தெரியாது. குழுகிட்டயும் தெரியாதுன்னுதான் எழுதியிருக்கேன்."

"திங்கட்கிழமையும் இருந்துதா?"

"இருந்துது சார்."

"நான் பார்க்கலையே!"

"வளையத்தைத் தேடிக்கிட்டு இருந்தீங்க சார்" என்றாள் கத்தரி.

சார் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். அவளும் பார்த்தாள். நூறு தடவை பார்த்ததுதான். ஆனாலும் அன்று புதிதாக இருந்தது. கறுப்புப் பட்டில் இழை இழையாகப் பச்சை நூல் ஓடியது. எந்தத் தறியிலும் அவள் பார்த்திராத நெசவு. அவரை விதைக்குள் இத்தனை நேர்த்தியாக நெய்தது யார், யாருக்குக் காட்ட? ஓரம் ஒரு துளி நைந்திருந்தாலும் இந்தக் கோடுகள் ஒன்றோடொன்று இழுபட்டுக் கலங்கியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இப்போது சாருக்கும் தெரிந்தது.

"கை சரியில்லைன்னு சொன்னேன். வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார்.

"வாபஸ் சரி சார். வித்த சரக்கைத் திருப்பி எடுத்தா கடைக்காரர் மேல ஏதாவது போட்டுக் குடுப்பார்."

"கத்தரி!" என்றாள் அண்ணி பல்லைக் கடித்து.

"விடுங்கம்மா. என்ன வேணும்?"

"இதைக் கட்டுரையா எழுதுவீங்கல்ல? அதுல என் பேரு."

"கடைசிப் பக்கத்துல நன்றின்னு போடச் சொல்றேன்."

"சின்ன எழுத்துலயா? அது பொட்டலம் கட்டுற கயிறு சார். நான் கேட்கிறது துணி. மேல, தலைப்புக்குக் கீழ."

"மூணாவது பேரா?"

"ரெண்டாவது சார். முதல் பேரு அண்ணிக்கு. மூணாவது உங்களுக்கு எடுத்து வச்சிருக்கேன், வேற யாருக்கும் குடுக்கல."

சார் அன்று முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். அண்ணியின் அறிக்கையை மடியில் வைத்து, அந்த இருட்டிலேயே கையெழுத்துப் போட்டார். பிறகு விளக்கைப் போடச் சொல்லி, கையெழுத்தின் கீழே இரண்டு வரி எழுதினார்: முன்பு நான் அறிவித்த வளையம் கழுவும் முறையால் வந்தது, அதைக் காட்டிக்கொடுத்தது இந்த அறை.

நாலு மணிக்குக் குழு அறைக்குள் அவரும் போனார். "முதல்ல என் தப்பைச் சொல்றேன். அப்புறம் உங்க சரியைச் சொன்னா எடுபடும்" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார். ஐந்தேகாலுக்கு வெளியே வந்து, கையில் இருந்த சாவியை நீட்டினார். அண்ணி வாங்கிக்கொண்டாள்; வாங்கியவள் அழத் தொடங்கிவிட்டதால், கதவைத் திறக்கிற வேலை கத்தரியின் தலையில் விழுந்தது.

இரண்டாம் மாடி அறையில் வடக்கு ஜன்னல் வழியாக நிழல் விழாத வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. கத்தரி ஜன்னலோரத்தில் நின்று வெறும் கண்ணாடித் தகடு ஒன்றை நீட்டிப் பார்த்தாள். துணி விரித்துக் காட்ட இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. வெட்டுப்பொறியை எங்கே வைப்பது என்று தரையைக் காலால் அளந்தாள்.

கீழே நடைவழியில் சட்டி உருட்டுகிற சத்தம். மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சார் முக்காலியில் ஏறி நின்று தன் வளையப் படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். முக்காலியைப் பிடித்துக்கொண்டிருந்த சொட்டுக்காரர் கேட்டார்: "ஆணி துருப்பிடிச்சிருக்கு சார். ஒரு சொட்டு விடட்டுமா?"